பாலை விடுதியும் நெய்தல் விருந்தும்: பழவேற்காட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர் என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. எனினும் தொல்காப்பியர் தெய்வம் கூறி நிலம் வகுத்தது நான்கிற்கே. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். ஆகவே தமிழ் பயில்வோர்க்குப் பாலை என்பது பெரும்பாலும் ஏட்டில் காணும் நிலம். நெய்தல் அத்தகையதன்று. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. சென்றால் பழவேற்காட்டில் அதனைக் கண்ணாரக் காணலாம்.

பாலையையும் நெய்தலையும் ஒருங்கு வைத்து எண்ணுவதற்கு ஒரு காரணம் உண்டு. இவ்விரு நிலத்திலும் வழிப்போக்கன் தன் உணவைத் தானே தேடிக்கொள்ள இயலாது. மணற்பரப்பில் கிணறு இருக்கும் இடம் அங்கு வாழ்வோர்க்கே தெரியும். உப்பங்கழியில் ஆழம் எது, சேறு எது என்பது அங்கு வலை வீசுவோர்க்கே தெரியும். வந்தவன் உயிர் இருந்தவன் கையில் உள்ளது. இத்தகைய நிலங்களில் விருந்தோம்பல் வெறும் பண்பாக மட்டும் இராது, ஓர் ஏற்பாடாகவும் இருந்தாக வேண்டும். அவ்வேற்பாடு மொராக்கோ நாட்டுப் பாலையில் எவ்வாறு அமைந்தது, அதற்கு நிகரான ஒன்று பழவேற்காட்டு ஏரிக்கரையில் உண்டா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மொராக்கோவையும் தமிழகத்தையும் தன் காலடியால் இணைத்தவர் இப்னு பதூதா. தஞ்சீர் நகரில் 1304-இல் பிறந்த இவர் 1325-இல் வீட்டை விட்டுப் புறப்பட்டார். ஏறத்தாழ 1344-இல் இலங்கையிலிருந்து வரும் வழியில் அவர் ஏறிய கலம் சிதைய, மஅபர் என்று அரபியர் அழைத்த நம் சோழமண்டலக் கரையை அடைந்து, மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாமகானியின் விருந்தினராகத் தங்கினார். பழவேற்காட்டிற்கு அவர் வந்ததாகச் செய்தி இல்லை. ஆயினும் மலையாளக் கரையில் அவர் கண்ட ஒன்று நம் ஆய்வுக்குப் பெரிதும் உதவும். அங்கு அரைக்கல் தொலைவுக்கு ஒரு மரமண்டபம் இருந்தது. அதில் எச்சமயத்தாரும் அமர்ந்து இளைப்பாறப் பலகைகள் இருந்தன. அருகே கிணறும், நீர் வார்க்க ஓர் ஆளும் இருந்தனர். இந்துக்களுக்குக் கலத்திலும் முஸ்லிம்களுக்குக் கையிலும் நீர் வார்த்தனர் என்று அவர் குறிக்கின்றார். வேற்றுமை பாராட்டிய காலத்திலும் தாகத்திற்கு நீர் மறுக்கப்படவில்லை என்பதை நாம் உற்றுநோக்க வேண்டும்.

ஊர் திரும்பிய பின் 1352-இல் அவர் மேற்கொண்டதுதான் சகாராப் பயணம். தாபிலால்த் சோலையில் இருந்த சிஜில்மாசா நகரிலிருந்து வணிகர் கூட்டம் புறப்பட்டது. பேரீச்சைக்குப் பெயர்பெற்ற அந்நகரின் இடிபாடுகள் இன்றைய ரிஸ்ஸானி ஊரருகே உள்ளன. அங்கு அவர் தங்கியது அல்-புஷ்ரி என்னும் மார்க்க அறிஞர் இல்லத்தில். அவ்வறிஞரின் உடன்பிறந்தாரை இப்னு பதூதா முன்னரே சீன நாட்டில் சந்தித்திருந்தார்! உலகின் ஒரு கோடியில் அண்ணனையோ தம்பியையோ கண்டவர், மறு கோடியில் மற்றவர் வீட்டில் உண்டு உறங்குகின்றார். அக்காலப் பயணத்தின் முதல் விடுதி அறிமுகமே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இருபத்தைந்து நாள் நடந்து தகாசா என்னும் உப்புச் சுரங்க ஊரை அடைந்தனர். அங்கு மரம் இல்லை. வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு ஒட்டகத் தோலால் வேயப்பட்டிருந்தன. அதற்கப்பால் நீரற்ற பெருவெளி. அதனைக் கடக்கும் முறைதான் வியப்புக்குரியது. ‘தக்ஷீஃப்’ எனப்படும் வழியறிந்த ஒருவரை வணிகர்கள் கூலி பேசித் தமக்கு முன்னே வலாத்தா நகருக்கு அனுப்புவர். அவர் கையில் அங்குள்ள நண்பர்களுக்கு எழுதிய மடல்கள் இருக்கும். ‘எங்களுக்கு வீடு அமர்த்தி வையுங்கள், நான்கு நாள் வழி எதிர்வந்து நீர் தாருங்கள்’ என்பதே அம்மடல்களின் கருத்து. இப்னு பதூதாவின் கூட்டம் அவருக்கு 100 மித்கால் பொன் கொடுத்தது. வழியில் அவர் மாண்டால் வலாத்தாவில் எவருக்கும் செய்தி எட்டாது. பின்வருவோர் நீரின்றி மடிவர். தங்குமிடத்தை முன்கூட்டி அமர்த்துதல் இன்று வசதி. அன்று அது உயிர்.

மொராக்கோவின் மரபு விடுதிகள் மூவகையின. நகர்களில் ‘ஃபுந்துக்’. நடுவே முற்றம், கீழ்த்தளத்தில் விலங்குகளும் சரக்கும், மேல்தளத்தில் மாந்தர், யாவர்க்கும் ஒரே வாயில். எல்லோரையும் ஏற்பது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். ஞானியர் வழிவந்த ‘ஸாவியா’ இரண்டாவது. வக்பு வருவாயால் வழிப்போக்கர்க்குச் சோறும் பாயும் தந்த இடம் அது. மூன்றாவது பாலை விளிம்பின் ‘கஸர்’. ஈரமண்ணைச் சட்டத்தில் இட்டு இடித்து எழுப்பிய தடித்த சுவர்களுக்குள் ஓர் ஊரே அடங்கியிருக்கும். பகலில் வெப்பம் உட்புகாது, இரவில் குளிர் தாக்காது. ஐத் பென் ஹத்தூ என்னும் இத்தகைய ஊரை யுனெஸ்கோ 1987-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆயினும் அவ்வூரார் பெரும்பாலோர் ஆற்றுக்கு மறுகரையில் புதிய வீடுகள் கட்டிக் குடிபெயர்ந்துவிட்டனர். மண்சுவர் ஆண்டுதோறும் பூசுவார் இருந்தால் நிற்கும். இல்லையேல் மழையில் கரையும். அந்நாட்டில் மழையா என ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி: 2024 செப்டம்பரில் தென்கிழக்கு மொராக்கோவில் பெய்த பெருமழையால், ஏறத்தாழ 50 ஆண்டுகள் வறண்டு கிடந்த இரீக்கி ஏரி நிரம்பியது. இளங்கோவடிகள் கூறிய திரிபு எதிர்த்திசையிலும் நிகழும் போலும்.

இன்று மெர்ஸூகா போன்ற இடங்களில் மணற்குன்றின் அடியில் கூடாரங்களும் மண்விடுதிகளும் பயணிகளுக்காக வரிசையிட்டு நிற்கின்றன. கூடாரம் பழைய வடிவம். வருவாயோ புதிய வழியில் செல்வது. உள்ளூரார் தாமே நடத்தும் விடுதியில் பயணி தரும் பணம் சோலையில் தங்கும். வெளியூர் முதலாளியின் விடுதியில் உள்ளூரார் ஒட்டகம் பிடிப்பவராக மட்டும் எஞ்சுவர். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு நம் ஏரிக்கரைக்கு வருவோம்.

பழவேற்காடு அடங்கிய தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, நிலந்தோறும் விருந்து கிடைக்கும் வழியைப் பாணனுக்குக் காட்டும் நூல். அதில் வரும் எயினர் குடிசைகள் ஈந்தின் இலையால் வேயப்பட்டவை. பேரீந்து நிழலில் வாழும் மொராக்கோச் சோலையார் இதனைக் கேட்டால் நம்மை உறவினர் என்றே கருதுவர். சிறுபாணாற்றுப்படையோ எயிற்பட்டினத்து நுளையர் சுட்ட மீன் தந்து விருந்தோம்பும் நெய்தற் காட்சியைக் காட்டுகின்றது. ஆற்றுப்படுத்துவோன் ஒருவகையில் நம் தக்ஷீஃப்தான். எங்குத் தங்கலாம், யார் என்ன தருவர் என முன்சென்று அறிந்து பின்வருவோர்க்குக் கூறுபவன் அவன்.

பழவேற்காட்டின் வரலாறே வந்தோரின் வரலாறு. அரபு நாட்டில் புதிய ஆட்சியாளர்க்குப் பணிய மறுத்தோர் நான்கு கப்பல்களில் இங்கு வந்திறங்கினர் என்பது அவ்வூர் முஸ்லிம்களிடையே வழங்கிவரும் மரபுச் செய்தி. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் வந்தனர். அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர் வந்து 1613-இல் கெல்திரியாக் கோட்டையைக் கட்டிச் சோழமண்டல வணிகத்தின் தலைமையிடம் ஆக்கினர். இங்கிருந்து கடல் கடந்த துணியின் பெயர் மலாய் மொழியில் இன்றும் ‘பெலிகாட்’ என வழங்குகின்றது. கோட்டை அழிந்தது; டச்சுக் கல்லறைகள் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளன. நான்கு கப்பலில் வந்தோரோ கோட்டை கட்டவில்லை. திண்ணை வைத்த வீடு கட்டினர், பள்ளிவாசல் கட்டினர். சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்டும் நிழற்கடிகாரம் இன்றும் காண்பார்க்கு வியப்பளிப்பது. பனையோலையால் அழகிய பெட்டிகளும் பிற பொருள்களும் முடையும் கலை அவ்வூர் முஸ்லிம் மகளிர் கையில் வாழ்கின்றது.

இத்துணைச் சிறப்பிருந்தும், சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாம் பெரிய உவர்நீர் ஏரியைக் காண வருவோர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகின்றனர். பூநாரைகளைப் படம் எடுத்து, மீனும் இறாலும் வாங்கிச் செல்வர். கரையில் குப்பை தங்கும். ஊரை அறிந்தோர் துணையின்றி நீரில் இறங்குவதன் விளைவையும் நாடு கண்டது. 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசமாகச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர்.

அவ்வாறாயின் வழி யாது? விடுதி கட்டுதல் எளிது. அதற்கான முறையை வகுத்தலே அரிது. அம்முறை பழவேற்காட்டில் முன்னரே உண்டு என்பது இக்கட்டுரையின் துணிபு. அதற்குப் பெயர் ‘பாடு’.

கடல்நீர் ஏரியுள் புகும் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் இறால் மிகுதியாகக் கிடைக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கு வலைகட்ட இயலாது. ஆகவே கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களின் மீனவர், இன்ன நாளில் இன்ன இடம் இன்னார்க்கு என முறைவைத்துக் கொண்டனர். தலைக்கட்டு உடையோர் பெயர்கள் சீட்டில் வரும். நல்ல இடமும் வறண்ட இடமும் மாறி மாறி யாவர்க்கும் கிடைக்கும். எழுதிய சட்டத்தைவிட ஊர்க்கட்டுப்பாடே இதனைக் காத்து வந்தது. தாபிலால்த் சோலையில் ‘கெத்தாரா’ எனப்படும் நிலத்தடிக் கால்வாய் நீரையும் இவ்வாறே நேரம் பகுத்து முறைவைத்துப் பாய்ச்சினர். அங்கு நீர், இங்கு இறால். எட்டாத தொலைவில் வாழ்ந்த இரு மக்கள் ஒரே விடையைக் கண்டிருக்கின்றனர்.

விருந்தினரையும் இம்முறையில் ஏற்கலாம் அன்றோ? பழைய வீடுகளுள் நிலைத்து நிற்பவற்றைச் செப்பனிட்டு, வருவோரை வீட்டுக்கு வீடு முறைவைத்து அனுப்பினால் ஒருவரே செல்வராகி மற்றோர் பார்த்திருக்கும் நிலை வாராது. படகோட்டும் முறையும் அவ்வாறே. ஏற்றும் ஆள் எண்ணிக்கையை ஊர்க்கட்டுப்பாடும் அரசு விதியும் சேர்ந்து வரையறுக்கலாம். வழிப்போக்கரைச் சகாத் பெறுதற்குரியோருள் ஒரு பிரிவினராகத் திருக்குர்ஆன் வைத்திருப்பதும், விருந்தினரை மூன்று நாள் ஓம்பும் நபிவழியும் இங்குள்ள ஜமாஅத்தார் அறிந்தவை. முசாபிர்கானா என்னும் பெயரைத் தூசி தட்டி எடுப்பதற்கு அவர்களே தகுதியுடையோர்.

எதிர்வாதம் உண்டு, அதனை மறைத்தல் ஆய்வுக்கு அழகன்று. பாடு எல்லோர்க்கும் உரிய முறையாக இருந்ததில்லை. அது பெரும்பாலும் பட்டினவர் குலத்தாரின் உரிமை. கழுத்தளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கு அதில் பங்கில்லை. விண்வெளித் தளத்திற்காக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பெயர்க்கப்பட்டு வந்தோர் குடியேறியபோது இவ்வுரிமை பற்றிப் பூசல்களும் எழுந்தன. ஆகவே பழைய பாட்டினை அப்படியே எடுத்தாள இயலாது. ஓலை முடையும் மகளிரும் இருளரும் முதற்சீட்டிலேயே இடம்பெறும் புதிய பாடு வேண்டும். அதற்கு மீனவர் இசைவரா என்பது அவர்கள் கூடிப் பேசி முடிவு செய்யவேண்டிய ஒன்று. நகரத்தில் இருந்து நாம் எழுதித் தரும் திட்டம் அதற்கு ஈடாகாது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து அவர்கள் குரல் எழுப்பி வரும் இக்காலத்தில், கடலும் முகத்துவாரமும் காக்கப்படாமல் விடுதி மட்டும் வந்தால் விருந்துக்கு மீன் எங்கிருந்து வரும் என அவர்கள் கேட்பதும் நேர்மையான கேள்வியே.

இடைப்பட்ட காலத்தில் தமிழ்த்துறை மாணவர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. பாட்டினைச் சார்ந்த சொற்கள், வலைகளின் பெயர்கள், காற்றின் பெயர்கள், நீரோட்டத்தைக் குறிக்கும் வழக்குகள், முஸ்லிம் இல்லங்களில் வழங்கும் அரபுத் தமிழ்ச் சொற்கள், ஓலைப் பின்னலின் வகைகள் ஆகியவற்றை ஊர் முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதுதல் வேண்டும். செல்லும் மாணவர் ஒருநாளில் திரும்பாது சில இரவுகள் அங்குத் தங்குவது நன்று. வலை கட்டுவோர் கரையேறி ஓய்வாகப் பேசும் பொழுது பெரும்பாலும் இரவு உணவுக்குப் பின்னரே வாய்க்கும்.