தண்ணீரில் மின்சாரத்தைத் தேக்கலாமா?

காவிரியில் குளித்துவிட்டு வந்து, ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டால் வீட்டில் திட்டு விழும், விழ வேண்டியதுதான். ஆனால் பல லட்சம் வோல்ட் மின்னழுத்தத்தைத் தேக்கி வைக்க அதே தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

மின்தேக்கி என்பது இரண்டு உலோகத் தகடுகள், நடுவே ஒரு மின்காப்புப் பொருள், அவ்வளவே. வெற்றிடம் இருந்த இடத்தில் டிரான்ஸ்பார்மர் எண்ணெயை நிரப்பினால் தேக்குதிறன் ஏறக்குறைய 2.2 மடங்காகும். விளக்கெண்ணெய் நிரப்பினால் சுமார் 4.5 மடங்கு. தண்ணீர் என்றால் 80 மடங்கு!

காரணம் என்ன? நீர் மூலக்கூறின் ஒரு முனை நேர்மின் தன்மையும் மறுமுனை எதிர்மின் தன்மையும் கொண்டது. மின்புலம் வந்ததும் மூலக்கூறுகள், காற்றில் சாயும் நெற்கதிர்களைப் போல, ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கின்றன. வெப்ப அசைவு அவற்றைக் கலைத்துக்கொண்டே இருப்பதால் முழுவதும் திரும்பிவிடுவதில்லை. மின்புலத்தில் திரவ மூலக்கூறுகள் இப்படித் திரும்புவது ஒளியை எவ்வாறு பாதிக்கிறது என்பதற்கு 1927-ல் கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து ஒரு கொள்கை வகுத்தவர் சி. வி. ராமன். ஸ்ரீரங்கத்திற்கு அடுத்த திருவானைக்காவலில் 1888-ல் பிறந்தவர் அவர். இந்த ஒளி விளைவைக் கொண்டே இன்று நீருக்குள் உள்ள மின்புலத்தை அளக்கிறார்கள்.

சரி, காவிரி நீரையே ஊற்றலாமா? கூடாது. அதில் கரைந்துள்ள உப்புகளின் அயனிகள் மின்னூட்டத்தைக் கடத்திவிடும். நீர் ஓர் ஓட்டைக்குடம். எவ்வளவு நேரத்தில் வடியும் என்பது தகடுகளின் அளவைப் பொறுத்ததல்ல. நீரின் தன்மின்தடையைப் பொறுத்தது. ஆற்று நீருக்கு அது 3000 ஓம்-செ.மீ. என்று கொள்வோம். சுமார் 0.02 மைக்ரோ வினாடியில் மின்னூட்டம் பெரும்பாலும் வடிந்துவிடும். அயனிகள் முற்றும் நீக்கிய நீரிலோ (1 கோடியே 80 லட்சம் ஓம்-செ.மீ.) 130 மைக்ரோ வினாடி தாங்கும். கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இது. ஆனாலும் போதும்!

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்திலுள்ள ‘இஸட்’ கருவியைப் பாருங்கள். எண்ணெயில் மூழ்கிய 36 மின்தேக்கி அடுக்குகள் முதலில் நிதானமாக மின்னேற்றம் பெறுகின்றன. பிறகு ஏறக்குறைய ஒரு மைக்ரோ வினாடியில் அந்த ஆற்றலை நீர் மின்தேக்கிகளுக்குள் கொட்டுகின்றன. நீர் அதைவிடவும் விரைவாக வெளியே தள்ளிவிடுகிறது.

விரைவில் இன்னொரு லாபமும் உண்டு. மின்னழுத்தம் நிற்கும் நேரத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தால், நீர் ஏறக்குறைய இரு மடங்கு மின்புலத்தைத் தாங்குகிறது. தேங்கும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அதையும் மீறித் தீப்பொறி பாய்ந்துவிட்டால்? திடப்பொருளில் துளை விழுந்தால் விழுந்ததுதான். நீரிலோ, குமிழிகள் வெளியேறியதும் துளை தானே மூடிக்கொள்கிறது.