முதல் ஆண்டு ஆசிரியைக்கு ஒரு மூத்த துணை

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் நம் கண்கள் புதிய மாணவியரையே தேடுகின்றன. தாயின் சேலை முனையைப் பற்றிக்கொண்டு விம்மும் குழந்தையை ஓர் அருட்சகோதரி தூக்கிக்கொள்கிறார். மூத்த மாணவி ஒருத்தி மற்றொரு குழந்தையின் கைபிடித்து வகுப்பறையைக் காட்டுகிறாள். அதே நாளில், அதே வாயில் வழியாக, இன்னொருவரும் முதன்முறையாக உள்ளே வருகிறார். பட்டமும் பயிற்சியும் முடித்து, நியமன ஆணையைக் கையில் ஏந்தி வரும் புதிய ஆசிரியை அவர். அவர் விம்முவதில்லை. ஆகவே அவருக்கும் ஒரு கை தேவை என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

ஆசிரியப் பணியின் முதல் ஆண்டு எத்தகையது, அவ்வாண்டில் மூத்த ஆசிரியை ஒருவரின் துணை ஏன் வேண்டும், அத்துணை எவ்வாறு அமைய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதல் நாளே முழுச் சுமை

மற்றத் தொழில்களைச் சற்று நோக்குவோம். மருத்துவம் படித்தவர் ஓராண்டுக் காலம் மருத்துவமனையில் பெரிய மருத்துவர்களின் மேற்பார்வையில் பணியாற்றிய பின்னரே தனியாக மருத்துவம் பார்க்கிறார். சட்டம் படித்தவர் மூத்த வழக்கறிஞரிடம் இளையவராகச் சேர்ந்து தொழில் பழகுகிறார். துறவற வாழ்வை நாடும் பெண்ணுக்கு நவதுறவகம் உண்டு. அங்கே அவளை உருவாக்கும் பொறுப்பாளரும் உண்டு. தச்சுத் தொழில் பழக வந்த சிறுவனும் முதலில் உளி தீட்டத்தான் கற்கிறான். கதவு செய்யும் வேலை பின்னால்தான் வருகிறது.

ஆசிரியையின் நிலை வேறு. இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர் என்னென்ன பொறுப்புகளைச் சுமக்கிறாரோ, அவை அனைத்தும் முதல் நாளே புதியவரின் தோளில் ஏறிவிடுகின்றன. வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு, விடைத்தாள், பெற்றோர் சந்திப்பு ஆகிய எதிலும் அவருக்குச் சலுகை இல்லை. பிறர் ஏற்கத் தயங்கும் வகுப்பே புதியவருக்கு ஒதுக்கப்படுவதும் பல இடங்களில் நடப்பதுதான்.

டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலறிஞர் 1975இல் ஆசிரியர் தொழிலைப் பற்றி எழுதிய நூலில் இந்த விந்தையைச் சுட்டிக் காட்டினார். அவர் கூறிய மற்றொரு கருத்து மாணவியராகிய உங்களுக்குச் சுவையானது. பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒரு மாணவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைக் கவனித்துவிடுகிறார் என்பது அவர் போட்ட கணக்கு. அதனால் ஆசிரியர் வேலை எத்தகையது என்பது தமக்கு முன்பே தெரியும் என்று ஒவ்வொருவரும் எண்ணிவிடுகிறோம். ஆனால் பெஞ்சில் அமர்ந்து கண்டது பாதிதான். ஆசிரியை இந்தக் கேள்வியை ஏன் அந்த மாணவியிடம் கேட்டார், ஏன் ஓர் உதாரணத்தைப் பாதியில் விட்டு வேறொன்றுக்குத் தாவினார், முந்தின இரவு எவ்வளவு நேரம் விழித்திருந்தார் என்பவை பெஞ்சிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

பயிற்சி தராத பாடம்

பயிற்சிக் கல்லூரி இவற்றைக் கற்றுத் தரவில்லையா என்று கேட்கலாம். தருகிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வெளியிட்ட விதிகளின்படி பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகளாக நீட்டப்பட்டது; அதில் 20 வாரங்கள் பள்ளி அனுபவத்திற்கென ஒதுக்கப்பட்டன. இது பயனுள்ள மாற்றமே. எனினும் பயிற்சி மாணவி பாடம் நடத்தும் வகுப்பு மற்றொருவருடைய வகுப்பு. அங்கே ஒழுங்கை நிலைநாட்டியவர் வேறொருவர். தேர்வு முடிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. நீச்சல் குளத்தில் பழகியவர் ஆற்றில் இறங்குவது போன்றதுதான் பயிற்சி முடித்தவர் பணியில் சேர்வது.

சைமன் வீன்மன் என்ற டச்சு அறிஞர், பல நாடுகளில் புதிய ஆசிரியர்களைப் பற்றி நடந்த 83 ஆய்வுகளைத் தொகுத்து 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புதியவர்களுக்கு மிகவும் தொல்லை தந்தது வகுப்பறை ஒழுங்கே என்பது அதில் தெரியவந்தது. மாணவரின் ஆர்வத்தைத் தூண்டுவது, பிள்ளைகளின் தனித்தனித் தன்மைக்கு ஏற்பக் கற்பிப்பது, அவர்களுடைய வேலையை மதிப்பிடுவது, பெற்றோருடன் பழகுவது ஆகியவை அடுத்து நின்றன. பாட அறிவில் குறை என்பது இவ்வரிசையின் தலையில் இல்லை. கணிதம் தெரிந்தவர்தான், ஆனால் நாற்பது பேர் பேசிக்கொண்டிருக்கும்போது கணிதத்தை எப்படித் தொடங்குவது என்பதே அவருடைய கவலை.

தனியே விட்டால் என்ன நேரும்?

நீந்தத் தெரியாதவர் கையில் அகப்பட்டதைப் பற்றிக்கொள்வார். துணையற்ற புதிய ஆசிரியையும் அவ்வாறே செய்கிறார். கூச்சலை அடக்கத் தாமும் கூச்சலிடுகிறார். கேள்வி கேட்க இடம் கொடுத்தால் வகுப்பு கலைந்துவிடும் என்று அஞ்சி, ஒரு மணி நேரமும் குறிப்புகளைச் சொல்லி எழுத வைக்கிறார். மெதுவாகக் கற்கும் மாணவியைக் கடைசிப் பெஞ்சிலேயே விட்டுவிடுகிறார். இவற்றால் வகுப்பு ஓரளவு அடங்குகிறது. அடங்கியதால் இதுவே வழி என்று அவர் நம்பிவிடுகிறார். முதல் ஆண்டில் தப்பிப்பதற்காகப் பற்றிய பழக்கம், அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அவருடைய கற்பிக்கும் முறையாகிவிடுகிறது. அதன் விலையைக் கொடுப்பவர்கள் ஆண்டுதோறும் அவரிடம் வந்து சேரும் பிள்ளைகள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்தது. நல்ல சட்டம். சட்டம் பிரம்பை வாங்கிக்கொண்டது. அதற்குப் பதிலாகக் கையில் எதைக் கொள்வது என்பதைச் சொல்லித்தர வேண்டியவர்கள் உடன் பணியாற்றும் நாம் அன்றோ?

முன்னோர் கண்ட வழி

இந்தத் தேவையை நன்கு உணர்ந்தவர் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால். பிரான்சு நாட்டில் ரைம்ஸ் நகரில் 1651இல் செல்வக் குடும்பத்தில் பிறந்து, அந்நகரப் பேராலயத்தில் மதிப்புமிக்க பதவியில் இருந்த குரு அவர். ஏழைச் சிறுவர்க்கான பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்கள் போதிய பயிற்சியும் நல்ல மேற்பார்வையும் இன்றித் தடுமாறுவதை அவர் கண்டார். அறிவுரை கூறி அனுப்பியதோடு நின்றுவிடவில்லை. 1680இல் அவர்களைத் தம் வீட்டு மேசையில் உணவருந்த அழைத்தார். 1681இல் தம்முடனேயே தங்க வைத்தார். உறவினர் முகம் சுளித்தனர், அவரோ பின்வாங்கவில்லை. கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியையும் பின்னர் ரைம்ஸ் நகரில் தொடங்கினார்.

அவருடைய சபையில் உருவான பள்ளி நடைமுறை நூலில், புதிய ஆசிரியரை உருவாக்குபவருக்கென்றே ஒரு பகுதி அமைந்தது. அவருடைய வேலை இரண்டு என்கிறது அது: புதியவரிடம் இருக்கக்கூடாததை நீக்குவது, இல்லாததைக் கொடுப்பது. அதிகப் பேச்சு, பரபரப்பு, கடுமை, பொறுமையின்மை, ஒருசாராரிடம் மட்டும் அன்பு, மனச்சோர்வு ஆகியவை நீக்க வேண்டியவற்றுள் அடங்கும். மனச்சோர்வையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது எண்ணத்தக்கது. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இப்புனிதரை ஆசிரியர் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் இதன் சாயல் உண்டு. அங்கே சட்டாம்பிள்ளை இளையவர்க்குப் பாடம் சொல்வான். ஆசிரியரின் கண் அவன்மீது இருக்கும். 1789 முதல் சென்னை எழும்பூர் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர், இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். 1797இல் அதைப் பற்றி இலண்டனில் நூலும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்று அது பெயர் பெற்றது. அம்முறை நாளடைவில் வெறும் ஒப்பிப்பாக மாறியது என்ற குறையும் உண்டு. ஆயினும், கற்பிப்பதைக் கற்பிப்பவரின் அருகில் இருந்தே கற்கலாம் என்ற உண்மை அதில் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முந்திய முன்மாதிரி நற்செய்தியில் உள்ளது. மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில், இயேசு சீடர்களை இருவர் இருவராக அனுப்புகிறார். ஒருவரையும் தனியாக அனுப்பவில்லை. திரும்பி வந்தவர்கள் தாங்கள் செய்ததையும் கற்பித்ததையும் அவரிடம் சொல்கிறார்கள். அவர்களைச் சற்று ஓய்வெடுக்கத் தனிமையான இடத்துக்கு வரும்படி அழைக்கிறார். உடன் ஒருவர், சொல்வதைக் கேட்க ஒருவர், சிறிது ஓய்வு: புதிய ஆசிரியைக்கு வேண்டியவையும் இம்மூன்றுதான்.

பிற நாடுகளில்

ஜப்பான் நாட்டில் 1988இல் சட்டம் இயற்றி, 1989இல் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆரம்பித்து, அரசுப் பள்ளிகளில் புதிதாகச் சேரும் ஆசிரியர்க்கு ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கினர். பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியர் அவர்களுக்கு வழிகாட்டியாக அமைகிறார். இங்கிலாந்தில் 2021 முதல் புதியவர்க்கு இரண்டாண்டுத் துணை ஏற்பாடு செய்யப்பட்டது. முதல் ஆண்டில் பாடவேளைகளில் நூற்றுக்கு 10 பங்கும், இரண்டாம் ஆண்டில் 5 பங்கும் அவர்களுக்குக் குறைக்கப்பட்டன. அன்பான சொல் மட்டும் போதாது, கால அட்டவணையிலும் இடம் வேண்டும் என்பதை அந்நாடு உணர்ந்தது. இந்தியாவிலும், 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, ஆசிரியர்க்கு வழிகாட்டும் தேசிய இயக்கம் 2022இல் 30 பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது.

இத்தகைய துணையால் பயன் உண்டா? அமெரிக்காவில் ரிச்சர்ட் இங்கர்சால், மைக்கேல் ஸ்ட்ராங் ஆகியோர் 15 ஆய்வுகளைச் சீர்தூக்கி 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். எல்லா முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. ஆனால் துணை பெற்ற புதியவர்கள் பணியில் நிலைத்ததையும், கற்பித்தலில் தேறியதையும் பெரும்பாலானவை காட்டின. தம் பாடத்தையே கற்பிக்கும் மூத்தவர் வழிகாட்டியாக அமைவதும், அப்பாடத்தாருடன் கூடித் திட்டமிட நேரம் கிடைப்பதும் புதியவரைப் பள்ளியில் தங்கச் செய்கின்றன என்பது இங்கர்சால் 2004இல் பங்கேற்ற மற்றோர் ஆய்வில் தெரிந்தது.

மூத்தவர் செய்யத்தக்கவை

முதல் வாரத்தில் புதியவருக்குத் தேவைப்படுவது தத்துவம் அன்று. சுண்ணக்கட்டி எங்கே கிடைக்கும், பதிவேட்டை எப்போது அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், மயக்கம் போட்டு விழுந்த மாணவியை யாரிடம் அழைத்துச் செல்வது என்பவைதாம் அவருடைய கேள்விகள். கேட்காமலே இவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் மாதத்தில், புதியவரைத் தம் வகுப்பில் வந்து அமர மூத்தவர் முதலில் அழைக்கட்டும். அதன் பின்னரே புதியவரின் வகுப்புக்குச் செல்வது முறை. அங்கே கடைசிப் பெஞ்சில் அமர்ந்து, முன்னரே இருவரும் பேசி வைத்த ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். யாரிடம் கேள்வி கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்படவே இல்லை என்பதை மட்டும் குறித்துக் கொடுத்தால் போதும். பத்துக் குறைகளைச் சொன்னால் ஒன்றும் திருந்தாது. ஒன்றைச் சொன்னால் அடுத்த வாரமே திருந்தும். அன்று மாலையே, "டீச்சர், அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்தவுடன் வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது, பார்த்தீர்களா?" என்று நன்றாக நடந்ததிலிருந்து பேச்சைத் தொடங்குவது நலம்.

முதல் இடைத்தேர்வின்போது, பத்து விடைத்தாள்களை இருவரும் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெற்றோர் வரும் நாளில் மூத்தவர் அருகில் அமரலாம். நவம்பர் மாதத்துக்குள் முதல் உற்சாகம் வடிந்து, பாடத்திட்டம் பாதிகூட முடியாத நிலையில், இந்த வேலை நமக்கு ஏற்றதுதானா என்ற ஐயம் எழக்கூடும். ஒரு கோப்பைத் தேநீரும், குறுக்கிடாமல் கேட்கும் செவியும் அப்போது செய்யும் உதவி பெரிது.

இவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்று உண்டு. வழிகாட்டுபவர் வேறு, மதிப்பிடுபவர் வேறாக இருக்க வேண்டும். தம் தடுமாற்றத்தைச் சொன்னால் அது நாளைய அறிக்கையில் எழுதப்படும் என்று அஞ்சுபவர் வாய் திறக்கமாட்டார். புதியவர் மூத்தவரிடம் சொன்னது மூத்தவரோடு நிற்கட்டும். மதிப்பிடும் கடமை தலைமையாசிரியைக்கு உண்டு. அதை அவர் தம் கண்ணால் கண்டு செய்வதே நேர்மை. வாரத்தில் ஒரு பாடவேளையாவது இருவருக்கும் பொதுவாக ஓய்வு கிடைக்குமாறு கால அட்டவணையை அமைப்பதும் பள்ளி நிர்வாகத்தின் கையில் உள்ளது.

மூத்தவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று புதியவர் கேட்கும்போதுதான், பல ஆண்டுகளாகப் பழக்கத்தால் செய்து வந்த ஒன்றைப் பற்றி நாம் முதன்முறையாக எண்ணிப் பார்க்கிறோம்.

மாணவியர்க்கும் பெற்றோர்க்கும்

அன்பு மாணவியரே, புதிய ஆசிரியையைச் சோதித்துப் பார்க்கும் ஆசை வகுப்புக்கு வகுப்பு உண்டு. அந்த விளையாட்டில் வெல்வது எளிது. ஆனால் வென்றபின் உங்களுக்குக் கிடைப்பவர் சிரிக்க அஞ்சும் ஓர் ஆசிரியை. புரியாததைப் புரியவில்லை என்று மரியாதையுடன் சொல்லுங்கள். அவரும் உங்களிடமிருந்துதான் கற்பிக்கக் கற்றுக்கொள்கிறார். உங்களுள் பலர் நாளை இதே பணிக்கு வருவீர்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பெற்றோரே, உங்கள் மகளுக்குப் புதிய ஆசிரியை வாய்த்தால் வகுப்பை மாற்றக் கேட்டு விரைய வேண்டாம். குறை இருந்தால் முதலில் அவரிடமே பேசுங்கள். நீங்கள் போற்றும் அனுபவமிக்க ஆசிரியைகள் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் யாரோ ஒரு பிள்ளைக்கு முதல் ஆண்டு ஆசிரியையாக இருந்தவர்களே.

நல்ல ஆசிரியை பிறப்பதுமில்லை. பட்டமளிப்பு விழாவில் உருவாவதுமில்லை. மற்றோர் ஆசிரியையின் அருகில்தான் அவர் வளர்கிறார். அந்த அருகாமையை மனமுவந்து கொடுக்கும் பெருந்தன்மையை, ஆசிரியர்களின் பாதுகாவலரான புனிதரின் மன்றாட்டால் இறைவன் நமக்கு அருள்வாராக.