பற்றலும் ஒட்டலும்

இரும்போடு இரும்பை உருக்கி இணைத்தலைப் பற்றவைத்தல் என்பது நம் வழக்கு. தீப்பற்றுதலையும் கைப்பற்றுதலையும் ஒருங்கே உணர்த்தும் இச்சொல் அத்தொழிலின் இலக்கணமாகவே அமைந்துளது. இரு விளிம்பும் தீயால் உருகி ஒன்றையொன்று பற்றினாலன்றி, இணைப்பு வெறும் ஒட்டலேயாம்.

1964-ஆம் ஆண்டில் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் சி.ஓ.டூ வெல்டிங் என வழங்கும் மிக் முறை, 1948-இல் அமெரிக்காவில் அலுமினியத்திற்கென வகுக்கப்பட்டது. 1953-இல் கரியமில வாயுவின் துணைகொண்டு எஃகிற்கும் பயன்படலாயிற்று. இதில் கம்பி தானே ஊர்ந்து வந்து உருகும். வாயு அவ்வுருக்கைக் காற்றினின்று காக்கும். கற்றற்கு எளிது, ஏமாறுதற்கும் எளிது. மேலே அழகிய வரியாகப் படிந்து, அடியில் பற்றாதிருத்தல் இம்முறையில் நேரும் பெருங்குற்றம்.

பலர் புழங்கும் பட்டறையில் இவ்வபாயம் மிகும். முன்னவர் மெல்லிய தகட்டிற்கு வைத்த அளவிலேயே நாம் தடித்த சட்டத்தை இணைத்தால், அது ஒட்டுமேயன்றிப் பற்றாது. ஆகவே பொறியை அணுகியதும் சிலவற்றை நோக்குவோமாக. கம்பியின் கனத்திற்கு உருளையின் பள்ளமும் டார்ச்சின் முனையும் பொருந்துதல் வேண்டும், 3 மி.மீ. தகட்டிற்கு 0.8 மி.மீ. கம்பி போதும். வாயுவோடு ஆளும் கம்பிக்கு டார்ச் நேர்முனையில் இணைந்திருத்தல் வேண்டும். வாயு வேண்டாத, உள்ளே பொடி நிறைந்த கம்பியை ஆண்டவர் அதனை மாற்றியிருத்தலும் கூடும். எர்த் கவ்வி, துருவும் வண்ணமும் நீங்கிய இரும்பைக் கவ்வுதல் வேண்டும். வாயு நிமிடத்திற்கு 10 முதல் 15 லிட்டர் வரை செல்லலாம். சித்திரை வெயிலுக்கு அஞ்சி மின்விசிறியை அருகே திருப்பின், அக்காற்று வாயுவைக் கலைத்து வரியெங்கும் துளையிடும்.

முகமூடி நம்மைக் காக்கும். அயலாரைக் காக்கத் திரை வேண்டும். காவலின்றி அவ்வொளியைக் கண்டவர்க்குச் சில மணி கழித்துக் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும். துத்தநாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சலைத் தரும். ஆதலின் பூச்சை முன்னரே நீக்கி, காற்றோட்டமுள்ள இடத்தில் வேலைசெய்க.

பின்னர், அதே கனமுள்ள கழிவுத் தகடுகள் இரண்டில், ஒன்றன்மேல் மற்றொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஒருபுறம் மட்டும் பற்றவைத்து, வைஸில் இறுக்கிச் சுத்தியலால் மடித்து நோக்குக. வரி உரிந்து, உருகாத விளிம்பு தோன்றுமாயின் அது ஒட்டல். கம்பியின் வேகமே மின்னோட்டத்தைப் பெரிதும் வரையறுப்பதாகலின், அதனையும் மின்னழுத்தத்தையும் சேர்த்தே உயர்த்துக. தகடு துளைபடின் குறைக்க.

முடிவில் சிலிண்டரை மூடி, மின்சாரத்தை நிறுத்தி, இட்ட கம்பியின் கனத்தையும் முனையின் நிலையையும் பலகையில் எழுதிவைப்போமாக. நாம் இணைத்த ஏணியில் ஏறுபவர் வரியின் அழகை நோக்கார். அதன் பற்றையே நம்பி அடிவைப்பர்.