முதல் பரேடை ஏற்று நடத்தும் இளம் அட்ஜுடன்டுக்கு

தலைமை கைமாறுவது, உயர் பதவியில் இருப்பவருக்கு மரியாதை அணி நிற்பது, வெளியிலிருந்து வருபவர் படைப்பிரிவைப் பார்வையிடுவது என்ற மூன்றுக்குள் இராணுவச் சடங்குகள் பெரும்பாலும் அடங்கிவிடும். பட்டாலியனில் இந்த மூன்றும் கமாண்டிங் ஆபீசரின் நிர்வாக உதவியாளரான அட்ஜுடன்டின் மேஜைக்கே வந்து சேர்கின்றன. அந்தப் பதவிக்கு வரும் இளம் கேப்டன் அகாடமியில் அணிநடை பழகியவர்தான். ஆனால் அணியில் நடப்பது வேறு, அணிவகுப்பை நடத்துவது வேறு. இந்தக் கடிதம் இரண்டாவதைப் பற்றியது.

அவர் முதலில் தெளிய வேண்டியது, மரியாதை பதவிக்குத்தான் என்பதை. ஆள் மாறுவார், பதவி நிற்கும். இன்று முதல் யார் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதைக் கடைசி வரிசை ஜவான்கூடத் தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவே இத்தனை ஏற்பாடும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற குழப்பம் வரும்போதெல்லாம் இதை வைத்து அளந்து பார்த்தால் பாதிக் கேள்விகள் தாமே தீர்ந்துவிடும்.

தலைமை மாற்றத்துக்கு இந்தியப் படையில் மிகப் பெரிய உதாரணம் 1949 ஜனவரி 15. அன்று பிரிட்டிஷ் ஜெனரல் ராய் புச்சரிடமிருந்து கே.எம். கரியப்பா தரைப்படைத் தலைமையை ஏற்றார். இந்தியர் ஒருவர் முதன்முதலாக அந்த இடத்துக்கு வந்த அந்த நாளே இன்றும் இராணுவ தினம். இப்போது தில்லியில் தளபதிகள் மாறும்போது ஒரு வரிசை பின்பற்றப்படுகிறது. விடைபெறுபவர் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைப்பார், சவுத் பிளாக் புல்வெளியில் மரியாதை அணியைப் பார்வையிடுவார், பிறகு பொறுப்பை ஒப்படைப்பார். புதியவரும் நினைவிடத்துக்குச் சென்று, தனக்கான மரியாதை அணியை ஏற்பார். போனவர்களுக்கு வணக்கம், போகிறவருக்கு மரியாதை, வந்தவருக்கு வரவேற்பு என்று வரிசை தெளிவாக இருப்பதால் ஒரே நேரத்தில் இரண்டு தலைவர்கள் இருப்பதுபோன்ற தோற்றம் எந்த நிமிடத்திலும் எழுவதில்லை. பட்டாலியன் அளவிலும் இதையே கடைப்பிடிப்பது நல்லது.

பட்டாலியனில் சடங்குக்கு முந்தைய வேலை காகிதத்தில் இருக்கிறது. ஆயுதக் கணக்கு, வெடிமருந்து இருப்பு, நிதி, மெஸ் கணக்கு, இரகசியக் கோப்புகள், முடியாமல் கிடக்கும் விசாரணைகள் எல்லாம் எழுதிச் சரிபார்க்கப்பட்டு இருவரும் கையெழுத்திட்ட பிறகே மைதானத்துக்குப் போக வேண்டும். கணக்கு முடியாமல் பேண்ட் வாசித்தால், குறை பிறகு வெளிப்படும்போது யார் தலையில் விழும் என்பதே தெரியாது. பழைய கமாண்டிங் ஆபீசரின் ஜீப்பில் கயிறு கட்டி அதிகாரிகளும் ஜே.சி.ஓ.க்கள் எனப்படும் இளநிலை ஆணைய அதிகாரிகளும் வாயில்வரை இழுத்துச் சென்று வழியனுப்பும் வழக்கம் பல பிரிவுகளில் உண்டு. உணர்ச்சி பொங்கும் அந்த நேரத்திலும் அட்ஜுடன்டுக்கு நிதானம் வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்க வேண்டும், அவர் கால் பிரேக்கில் இருக்க வேண்டும். இறக்கமான பாதையில் கயிறு தளர்ந்தால் வண்டி இழுப்பவர்கள் காலில் ஏறிவிடும். முந்தைய நாளே அந்தப் பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது அவசியம்.

குடும்பத்துக்கும் இந்தச் சடங்கில் இடம் உண்டு. 2021 நவம்பர் 30 அன்று கடற்படைத் தலைமையை ஏற்ற அட்மிரல் ஹரி குமார் தம் தாயின் காலைத் தொட்டு வணங்கிய காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. பெற்றோருக்கும் மனைவிக்கும் நிழலில் நாற்காலி, அவர்கள் அருகே ஓர் அதிகாரி, படம் எடுக்க ஐந்து நிமிடம் என்று திட்டத்திலேயே ஒதுக்கினால் அது அழகாக நடக்கும். ஒதுக்காமல் விட்டால் நிகழ்ச்சியின் நடுவே தள்ளுமுள்ளாக முடியும். புதிய தலைவர் பொறுப்பேற்றதும் எல்லாப் படிநிலையினரையும் கூட்டிப் பேசும் சைனிக் சம்மேளனத்தை அதிகம் தள்ளிப்போடக் கூடாது. ஜவான்கள் அவர் குரலைக் கேட்கும் வரையில் தலைமை மாற்றம் காகிதத்தில்தான் நடந்திருக்கிறது.

அடுத்தது மரியாதையின் அளவு. யாருக்கு எவ்வளவு என்பது விருப்பத்தைப் பொறுத்ததல்ல, எழுதி வைத்த விதி. சுதந்திர தினத்தன்று செங்கோட்டையில் பிரதமருக்கு முப்படையினரும் தில்லிக் காவல் துறையினரும் சேர்ந்து சுமார் 100 பேர் நிற்கிறார்கள். படிநிலை இறங்க இறங்க எண்ணிக்கையும் இறங்கும். விருந்தினரை மகிழ்விக்க இரண்டு பேரைக் கூட்டுவதும் தவறு, ஆள் இல்லை என்று குறைப்பதும் தவறு. இன்று கூட்டிக் கொடுத்தால் நாளை வருபவருக்கு முறைப்படி கொடுப்பது அவமதிப்பாகத் தெரியும்.

நாட்டுப்பண்ணில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். உள்துறை அமைச்சகத்தின் ஆணைப்படி, தேசிய வணக்கத்தின்போது முழுப் பண் குடியரசுத் தலைவருக்கும், தத்தம் மாநிலத்துக்குள் ஆளுநருக்கும் வாசிக்கப்படும். பிரதமருக்குச் சிறப்பு ஆணை இருக்கும் தருணங்களில் மட்டுமே. ரெஜிமென்டுக்குக் கொடி வழங்கும்போதும் பண் உண்டு. முழுப் பண்ணுக்குச் சுமார் 52 வினாடி. மெஸ்ஸில் நலம் வாழ்த்திக் கோப்பை உயர்த்தும்போது முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் வாசிக்கும் சுருக்க வடிவத்துக்குச் சுமார் 20 வினாடி. பேண்ட் வாசிப்பதற்கு முன் முரசு உருள வேண்டும். மெதுநடையில் ஏழு அடி வைக்கும் நேரம் அது நீளும். மெல்லத் தொடங்கி, முடிந்தவரை ஓங்கி, மறுபடி தணிந்து, ஏழாவது அடிவரை காதில் விழ வேண்டும். பிறகு ஓர் அடி நேரம் மௌனம், அதன்பின் பண். பண் வரப்போகிறது என்று கூட்டத்துக்கு உணர்த்துவதே இந்த முரசொலியின் வேலை. மரியாதை அணி ஆயுதத்தை முன்னால் நிமிர்த்திப் பிடித்துத் தேசிய வணக்கம் செலுத்தும்போது அந்த அசைவே அறிவிப்பாகிவிடுவதால் அங்கே முரசு தேவையில்லை. இந்த வேறுபாட்டை பேண்ட் மாஸ்டரிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பீரங்கி முழக்கத்திலும் கணக்கு இதே பண்ணோடுதான் ஓடுகிறது. குடியரசு தினத்தில் 21 குண்டுகளின் முழக்கம் பண்ணின் நேரத்துக்குள் அமைகிறது, இரண்டு குண்டுகளுக்கு இடைவெளி இரண்டு வினாடிக்குச் சற்று மேல்தான். பழைய 25 பவுண்டர் பீரங்கிகளின் இடத்தில் 2023 முதல் உள்நாட்டில் செய்த 105 மி.மீ. பீரங்கிகள் வந்தன. பீரங்கி மாறினாலும் எண்ணிக்கையும் நேரமும் மாறவில்லை.

நிஷான் என்று ஜவான்கள் சொல்லும் படைக்கொடி இந்தச் சடங்குகளின் உச்சம். மன்னர் பெயரில் இருந்த பழைய கொடிகள் 1950 நவம்பர் 23 அன்று டேராடூன் இந்திய இராணுவ அகாடமியின் செட்வுட் மண்டபத்தில் வைக்கப்பட்டன. அவற்றின் இடத்தைக் குடியரசுத் தலைவரின் கொடிகள் பிடித்தன. 1951 மே 27 அன்று ராஜேந்திர பிரசாத்திடமிருந்து அந்தக் கொடியை முதலில் பெற்றது கடற்படை. கொடி வழங்கும் நாளில் பல மதங்களின் ஆசான்களும் வேண்டுதல் நடத்துகிறார்கள். ஒரே பட்டாலியனில் கோவில், மசூதி, குருத்வாரா, தேவாலயம் எல்லாம் சார்ந்தவர்கள் நிற்பதால் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஆசான்கள் நிற்கும் இடம், ஒலிபெருக்கி, ஒவ்வொருவருக்கும் உரிய நேரம் ஆகியவற்றில் ஏற்றத்தாழ்வு வராமல் பார்ப்பது அட்ஜுடன்டின் கடமை. எவ்வளவு பெரிய விருந்தினரும் கொடி கடக்கும்போது எழுந்து வணங்குவார். அவரையும் கட்டுப்படுத்தும் ஒன்று மைதானத்தில் இருக்கிறது என்பதைப் படை அப்போது பார்க்கிறது.

நிமிடக் கணக்கு ஊகத்தில் வரக் கூடாது. விரைநடையில் நிமிடத்துக்கு 120 அடி, ஒவ்வோர் அடியும் 30 அங்குலம் என்றால் ஒரு நிமிடத்தில் 100 கஜம், அதாவது சுமார் 91 மீட்டர் கடக்கலாம். மெதுநடையில் 70 அடிக்கு 53 மீட்டர். மைதானத்தை நாடாவால் அளந்து இந்த எண்களால் வகுத்தால் அணிவகுப்பு எத்தனை நிமிடத்தில் மேடையைக் கடக்கும் என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடும். ரிஹர்சல் அந்தக் கணக்கைச் சரிபார்ப்பதற்காக நடக்க வேண்டும். கணக்கே போடாமல் ரிஹர்சலை மட்டும் கூட்டிக்கொண்டே போவது ஜவான்களைச் சோர்வடையச் செய்யும்.

நிற்பவரின் உடம்பையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். 2023 ஜூனில் லண்டனில் இளவரசர் வில்லியம் பார்வையிட்ட ஒத்திகையில் வெயில் தாங்காமல் சிப்பாய்கள் மயங்கி விழுந்தார்கள். லண்டன் வெயிலுக்கே அந்த நிலை என்றால் சென்னை பரங்கிமலையின் ஏப்ரல் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முழங்காலை இறுக்கிப் பூட்டி அசையாமல் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கி மூளைக்குப் போவது குறைகிறது. அதனால் பூட்ஸுக்குள் கால்விரல்களை மடக்கி நீட்டவும், முழங்காலைச் சற்றே தளர்த்தி வைக்கவும் பழக்க வேண்டும். காலையில் வெறும் வயிறு கூடாது, முந்தைய இரவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அணிக்குப் பின்னால் மாற்று ஆட்களும் ஸ்ட்ரெச்சரும் பார்வையில் படாமல் தயாராக இருக்க வேண்டும். விருந்தினர் வரத் தாமதமானால் அணியை விஷ்ராம் என்ற ஓய்வு நிலையில் விட்டு நிழலுக்கு அனுப்பும் அதிகாரம் யாரிடம் என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். இதில் சுபேதார் மேஜரின் சொல்லை மிஞ்சிய ஆலோசனை கிடையாது. ஜவான்களின் முகத்தைப் பார்த்தே எவன் விழுவான் என்று அவரால் சொல்லிவிட முடியும்.

அதிகாரபூர்வ வருகையில் வெளிநாட்டவர் இருந்தால் கவனம் இரட்டிப்பாகும். கொடிகளின் வரிசையில் இந்தியக் கொடி வலக்கோடியில் நிற்க வேண்டும், மற்ற நாடுகள் ஆங்கில அகரவரிசையில் தொடரும். வலக்கோடி என்பது கொடிகளின் வலப்பக்கம். எதிரில் நின்று பார்ப்பவருக்கு அது இடக்கோடி. மைதானத்தின் எதிர்ப்பக்கம் நின்று கம்பம் நட உத்தரவிடுபவர்கள் இங்கேதான் தவறுவார்கள். விருந்தினரின் பெயர் உச்சரிப்பு, பதவி, உணவுப் பழக்கம், அவர் நாட்டுப்பண்ணின் சரியான வடிவம், இரண்டு பண்களின் வரிசை ஆகியவற்றை எழுத்தில் வாங்கி வைப்பதே பாதுகாப்பு.

இத்தகைய வருகைகளுக்கு நீண்ட மரபு உண்டு. 1950-இல் கரியப்பாவுக்கு நேபாளம் கௌரவ ஜெனரல் பட்டம் அளித்தது. அன்று தொடங்கி இரு நாட்டுத் தரைப்படைத் தலைவர்களும் ஒருவர் நாட்டில் மற்றவர் அந்தப் பட்டத்தைப் பெற்றுவருகிறார்கள். 2023 ஏப்ரல் 29 அன்று சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் நிறைவு அணிவகுப்பை வங்கதேசத் தரைப்படைத் தலைவர் பார்வையிட்டார். இலங்கையில் 1987-இல் வீரமரணம் எய்தி பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயரைத் தாங்கிய மைதானம் அங்கே இருக்கிறது. அவர் அதே அகாடமியில் பயின்றவர். மைதானத்தின் பெயர் யாருடையது என்று விருந்தினர் கேட்டால் உடன் செல்பவர் இரண்டு வரியில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சொந்தப் படையின் உயர் தளபதி வரும்போது வேறொரு சோதனை காத்திருக்கிறது. வருகை அறிவிக்கப்பட்டதும் மரத்துக்குக் காவி, கல்லுக்குச் சுண்ணாம்பு என்று முகாம் முழுக்க வேலை தொடங்கிவிடும். குப்பையில்லாத முகாம் தேவைதான். ஆனால் ஒழுகும் பாரக்கை வழியிலிருந்து மறைத்துச் சாலையை மாற்றிப் போடுவது வருகையின் நோக்கத்தையே கெடுக்கும். அந்தக் கூரைக்கு நிதி ஒதுக்கக்கூடியவர் வரப்போகும் அந்தத் தளபதிதான். முகாம் காவலான குவார்ட்டர் கார்டில் மரியாதை, சுருக்கமான விளக்கவுரை, பயிற்சி பார்ப்பது, குடும்பக் குடியிருப்பு, ஜவான்களோடு பேச்சு என்று போகும் திட்டத்தில் விளக்கவுரையைக் குறைத்துக் கடைசி அங்கத்துக்கு நேரம் கூட்டுவது நல்லது. எல்லாப் படிநிலையினரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பாடா கானாவில் தளபதியைச் சுற்றி அதிகாரிகளே மொய்த்துக்கொள்ளாமல் அவர் பக்கத்தில் ஜவான்கள் உட்காரும்படி இடம் ஒதுக்க வேண்டும்.

எந்தத் திட்டத்துக்கும் மாற்றுத் திட்டம் தேவை என்பதை நீலகிரியிலுள்ள வெலிங்டன் காட்டியது. 2021 டிசம்பர் 8 அன்று முதல் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் அங்குள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் உரையாற்ற சூலூரிலிருந்து ஹெலிகாப்டரில் புறப்பட்டார். குன்னூர் அருகே அது விழுந்து நொறுங்கி அவரும் உடன் சென்ற பலரும் உயிரிழந்தார்கள். வரவேற்புக்குத் தயாராக இருந்த அதே ஊர் மறுநாள் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் மைதானத்தில் அஞ்சலிக்கு ஏற்பாடு செய்தது. முதலமைச்சர் நேரில் வந்தார், உடல்கள் சாலை வழியாகச் சூலூருக்குப் போயின. 10-ஆம் தேதி தில்லியில் 17 குண்டு முழக்கத்தோடு தளபதியின் இறுதிச் சடங்கு நடந்தது. மரியாதை அணி, மலர்வளைய வரிசை, வாகனத் தொடர், குடும்பத்தினரை அழைத்து வருவது ஆகியவற்றின் நடைமுறை எழுதித் தயாராக இருந்தால்தான் இப்படிப்பட்ட இருபத்துநான்கு மணி நேரத்தைச் சமாளிக்க முடியும்.

அதே வெலிங்டனில் 2008 ஜூன் 27 அன்று பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா காலமானார். 1971 போரின் வெற்றித் தளபதியின் இறுதி நிகழ்வுக்குக் குடியரசுத் தலைவரோ பிரதமரோ வரவில்லை என்ற விமர்சனம் அப்போது பலமாக எழுந்தது. மைதானத்தில் நடந்தவற்றைவிட வராதவர்களின் பட்டியலையே மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். யார் வருவார் என்பதை அட்ஜுடன்ட் தீர்மானிக்க முடியாது. தகவல் உரியவர்களுக்கு உடனே போய்ச் சேர்ந்ததா, வர இயலாதவர் சார்பில் யார் வருகிறார் என்று கேட்கப்பட்டதா என்பவை மட்டும் அவர் பொறுப்பு.

விருந்தினர் புறப்பட்டபின் இரண்டு வேலைகள் மிச்சம். நின்றவர்களுக்கும் சமைத்தவர்களுக்கும் மேடை போட்டவர்களுக்கும் கமாண்டிங் ஆபீசரின் நன்றியைப் பெயர் சொல்லித் தெரிவிக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் எந்த அங்கம் எத்தனை நிமிடம் பிசகியது, எங்கே ஆள் போதவில்லை, எந்த உத்தரவு காதில் விழவில்லை என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதி வைக்க வேண்டும். அட்ஜுடன்ட் பதவியும் கைமாறக்கூடியதே. அடுத்து வருபவர் இந்தக் குறிப்பிலிருந்து தொடங்க முடிந்தால் முந்தையவரின் வேலை முழுமை பெற்றுவிட்டது என்று கொள்ளலாம்.