போகும் வழியும் திரும்பும் வழியும்

அன்புள்ள கதிருக்கு,

லேண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ வண்டியில் ஹெட்லைட் மங்கலாக எரிகிறது, பழைய வயரையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். கட்டரை எடுக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார். 60 வாட் பல்பு இரண்டு என்றால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஓடும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 4 மீட்டருக்கு ஏறக்குறைய 0.03 ஓம் தடை கொடுக்கும். அதில் போவது 0.3 வோல்ட்தான். எர்த் வயர் மாட்டியிருக்கும் போல்ட்டில் துரு ஏறி 0.12 ஓம் தடை உண்டானாலோ 1.2 வோல்ட் அங்கேயே போய்விடும். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். புது வயரையும் அதே போல்ட்டில்தானே மாட்டப்போகிறாய்?

சேஸி முழுக்க இரும்புதானே, மின்சாரம் எப்படியாவது திரும்பிவிடும் என்று நீ கேட்கலாம். லேண்ட் ரோவரின் சேஸி இரும்பு. பாடி பெரும்பாலும் அலுமினியக் கலவை. இரண்டும் தொடும் இடத்தில் தண்ணீர் நின்றால் அலுமினியம் அரிக்கும். ஓடைக்குள் இறங்கி ஏறும் வண்டிக்குத் தண்ணீர் புதிதா? லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் டெர்மினலிலும் மறுமுனையை விளக்கின் எர்த்திலும் வை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி அந்த வழியில்தான் இருக்கிறான். போல்ட்டைக் கழற்றினால் லக்குக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, பல் வைத்த வாசர் போட்டு முறுக்கி, மேலே வாசலின் தடவு. எஞ்சினுக்கும் சேஸிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையையும் மறக்காதே. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது; அந்தப் பட்டை அறுந்தால் ஸ்டார்ட்டரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் புகைவது அதனால்தான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு: உறையே வெடித்துப்போன வயரை அளந்து என்ன பயன்? நியாயமான கேள்வி. ஆரம்பகால 2ஏ வண்டியில் இருப்பது 35 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டே இரண்டு. ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. தகரத் துளையில் உரசி உறை கிழிந்தால் வயர் அடுப்புக் கம்பியாகப் பழுத்துவிடும். அப்படிப்பட்ட வயரை மாற்றத்தான் வேண்டும், அதுவும் தீப்பிடிக்காமலிருக்க. ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வை. அது வயரைக் காப்பதற்கு, பல்பைக் காப்பதற்கு இல்லை. ஹெட்லைட்டுக்கு ரிலே போடு, சுவிட்ச் பிழைக்கும். துளைக்கெல்லாம் ரப்பர் வளையம் மாட்டு. ஒரு சர்க்யூட்டை முடித்து, எரியவைத்துப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடு. லூகாஸ் நிறங்களை மாற்றாதே: பேட்டரிக்குப் பழுப்பு, இக்னிஷனுக்கு வெள்ளை, ஹெட்லைட்டுக்கு நீலம், எர்த்துக்குக் கறுப்பு. கைக்குக் கிடைத்த சிவப்பையே எங்கும் இழுத்துவிட்டால், காட்டுப் பாதையில் இரவில் டார்ச்சோடு குனிந்து பார்ப்பவனுக்கு ஒன்றும் புரியாது.

1967 வரை வந்த வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். உன் வண்டியில் எது என்று முதலில் பார்த்துக்கொள். அளந்து முடித்ததும் எர்த் கேபிளைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மற்றதை முதலில் கழற்றினால், ஸ்பானர் சேஸியில் பட்டதும் பொறி பறக்கும்.

அன்புடன்,
மாமா