இரண்டு மாத்திரை கேட்பவருக்கு

அன்புள்ள தம்பி,

சாந்தோமில் மருந்துக்கடைப் பொறுப்பை ஏற்றிருக்கிறாய். மழைக்காலத்தில் நொச்சிக்குப்பத்திலிருந்தும் பட்டினப்பாக்கத்திலிருந்தும் வந்து, "வயித்தால போகுது, ஃபிளாஜில் ரெண்டு குடுங்க" என்பார்கள். ஒரு நாள் கூலி போனால் உலை வைக்க முடியாத வீடுகள். அவர்கள் அவசரம் நியாயமானது. ஆனாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்காதே.

ஃபிளாஜிலில் இருக்கும் மெட்ரோனிடசோல் அமீபா, ஜியார்டியா, காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியா ஆகியவற்றைக் கொல்லும். வைரஸால் வரும் பேதியில் அதற்கு வேலையே இல்லை. அமீபா சீதபேதிதான் என்றாலும் இரண்டு மாத்திரை போதாது. டாக்டர் சொன்ன நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும்; குடலில் மிச்சமிருக்கும் கிருமியை அழிக்க டைலாக்ஸனைடு போன்ற இன்னொரு மருந்தும் வேண்டியிருக்கும்.

சீட்டோடு வருபவரிடமும் நாலு வார்த்தை பேசு. மாத்திரை சாப்பிடும் நாட்களிலும், முடித்த பிறகு மூன்று நாளும் குடிக்கக் கூடாது என்று கூச்சப்படாமல் சொல். அரிஷ்டத்திலும் சில இருமல் சிரப்பிலும் ஆல்கஹால் உண்டு, அதையும் கேள். வார்ஃபரினோ லித்தியமோ சாப்பிடுபவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் என்றால் டாக்டருக்கு அது தெரியுமா என்று உறுதி செய்துகொள். வாயில் இரும்புச் சுவை தட்டும், சிறுநீர் கருக்கலாம். அதற்குப் பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம். கை கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சீட்டில்லாதவரை வெறுங்கையோடு அனுப்பாதே. ஓ.ஆர்.எஸ். கொடுத்து, ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்கச் சொல். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவு, குழந்தை துவண்டு கிடப்பது இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையமும் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையும் காசு கேட்காமல் பார்க்கும் இடங்கள். வழி சொல்லி அனுப்பு.

"பக்கத்துக் கடையில கொடுப்பாங்களே" என்பார்கள். அதற்காக நீயும் கொடுத்துவிடாதே. 2012இல் மருத்துவச் சங்கங்கள் நம் ஊரில் கூடி, கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதைத் தடுக்கச் சென்னைப் பிரகடனத்தை வகுத்தன. சீட்டில்லாத விற்பனையைக் கட்டுப்படுத்துவது அதில் ஒரு முக்கியக் கோரிக்கை. அந்தக் கோரிக்கையை நிறைவேற்றும் இடம் உன் கவுன்ட்டர்தான். அங்கே உறுதியாக நில், தம்பி.

அன்புடன்,
உன் மூத்த மருந்தாளுநர்