கோடு இருந்தால் இணைப்பும் இருக்குமா?

நம்பிக்கை: கணக்குக்கு இடது மூளை, பாட்டுக்கு வலது மூளை.

தஞ்சாவூரில் பேப்பருக்குள் மடித்து வரும் பயிற்சி வகுப்பு நோட்டீஸ்களுக்கு இதுதான் மூலதனம். பேச்சு பெரும்பாலோருக்கு இடப்பக்கம் சார்ந்தது என்பதுவரை சரி. ஆனால் இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஏறக்குறைய 20 கோடி நரம்பிழைகள் ஓடுகின்றன. ஸ்வரம் பாடும் பிள்ளை தாளக் கணக்கையும் சேர்த்தேதான் போடுகிறது. ஒரு பாதியை மட்டும் தட்டி எழுப்ப எந்த வகுப்பாலும் ஆகாது, கட்டணம் எவ்வளவு ஆனாலும்.

நம்பிக்கை: ஸ்கேனில் வண்ண வண்ணமாகத் தெரிவது மூளை நரம்புகளின் போட்டோ.

போட்டோ இல்லை, கணக்குப் போட்டு வரைந்த படம். எம்.ஆர்.ஐ. அளப்பது, திசுவில் உள்ள தண்ணீர் எந்தப் பக்கம் சுலபமாக நகர்கிறது என்பதை. இழையின் போக்கில் நகரும், குறுக்கே தடைபடும். அதை வைத்துக் கணினி பாதையை ஊகித்து, திசைக்கொரு வண்ணம் பூசுகிறது. படத்தின் ஒரு புள்ளி சுமார் 2 மில்லிமீட்டர். அதற்குள் லட்சக்கணக்கான இழைகள். இழைக் கற்றைகள் குறுக்கிடும் இடத்தில்தான் வம்பு. கல்லணைக் கால்வாய்க்கு அடியில் கீழ்க்குமிழி என்ற சுரங்க வழியாகக் காட்டாறு கடந்துபோகும்; மேலிருந்து எடுத்த படத்தை மட்டும் பார்ப்பவர், இரண்டும் கலக்கின்றன என்றே சொல்வார். கணினியும் அப்படித்தான் ஏமாறுகிறது. சமிக்ஞை எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போகிறது என்பதும் இதில் தெரியாது. விடை தெரிந்த செயற்கைப் படத்தைக் கொடுத்து 20 ஆய்வுக் குழுக்களைச் சோதித்த முடிவு 2017-ல் வெளியானது. நிஜக் கற்றைகளைவிடப் பொய்க் கற்றைகளே அதிகம்! பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தேவராஜன் ஸ்ரீதரன் குழு 2022-ல் வெளியிட்ட நிரல், அளவீடு ஆதரிக்காத கோடுகளைக் களையெடுக்கிறது. பழைய நிரலைவிட 150 மடங்கு வேகமாக.

நம்பிக்கை: சென்னை ஐ.ஐ.டி. மனித மூளையின் இணைப்புகளை முழுசாக வரைந்துவிட்டது.

2024 டிசம்பரில் அங்கிருந்து வந்த ‘தரணி’, கருவிலுள்ள சிசு மூளையின் செல் அட்லஸ். 5,132 வெட்டுத் துண்டுகள். சின்ன வேலை இல்லை. ஆனால் எந்த நரம்பணு எதோடு சேர்கிறது என்ற பட்டியல் வேறு சமாச்சாரம். அது 302 நரம்பணுக்கள் கொண்ட ஒரு புழுவுக்கு 1986-லும், சுமார் 1.4 லட்சம் கொண்ட பழ ஈயின் மூளைக்கு 2024-லும் கிடைத்தது. நம் மூளையில் இருப்பவை ஏறத்தாழ 8,600 கோடி.

நம்பிக்கை: அப்படியானால் ஸ்கேன் படம் வீண்.

மூளைக் கட்டியை எடுக்கும் முன் பேச்சுக்கான கற்றை எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று அந்தப் படத்தில்தான் சர்ஜன் பார்க்கிறார். பிறகும் படத்தை மட்டும் நம்புவதில்லை. தேவைப்பட்டால் நோயாளியை விழித்திருக்கச் செய்து, மெல்லிய மின்சாரம் கொடுத்து, பேசச் சொல்லிக்கொண்டே அறுக்கிறார்.